இப்சனின் 'காட்டு வாத்து': ஹெட்விக் கவனிக்கப்படாத பிள்ளையா?

கடற்கரை_வீதி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் ஒரு சின்னக் குழு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து வாசிப்போம். இந்த முறை எடுத்தது ஹென்றிக் இப்சனின் 'காட்டு வாத்து', 1884இல் வந்தது, ஐந்து அங்கம். எல்லோருக்கும் பிடித்துப்போய், வெறும் வாசிப்போடு விடாமல் தெரிந்த நாற்பது ஐம்பது பேரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் செய்வோம் என்று முடிவெடுத்துவிட்டோம். ஹெட்விக்காக வருபவர் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு இருக்கிற பிள்ளை, பதினாறு வயது, நல்ல குரல்.

நாடகம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். யால்மார் எக்டால் வீட்டோடு சேர்ந்த ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அதை உண்மையில் நடத்துவது மனைவி கீனா. யால்மார் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டு சோபாவில் படுத்திருப்பார். மகள் ஹெட்விக்குப் பதினான்காவது பிறந்தநாள் வரப்போகிறது. அவளுடைய பார்வை போய்க்கொண்டிருக்கிறது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பரணில் தாத்தா முயலும் கோழியும் புறாவும் வளர்க்கிறார், அங்கே காயப்பட்ட ஒரு காட்டு வாத்தும் உண்டு, அது ஹெட்விக்குடையது. யால்மாரின் பழைய சிநேகிதன் கிரேகர்ஸ் வருகிறான். கல்யாணத்துக்கு முன் கீனா கிரேகர்ஸின் தகப்பன் வெர்ல முதலாளி வீட்டில் வேலை செய்தவள், அங்கே என்ன நடந்தது என்பதையெல்லாம் யால்மாரிடம் போட்டு உடைக்கிறான், உண்மை தெரிந்தால் குடும்பம் சுத்தமாகிவிடும் என்பது அவன் நம்பிக்கை. முதலாளிக்கும் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறு தெரியவருகிறது. ஹெட்விக் தன் பிள்ளைதானா என்று யால்மாருக்குச் சந்தேகம், அவளை உதறிவிடுகிறார். உனக்குப் பிரியமான வாத்தைப் பலி கொடுத்து அப்பாவிடம் உன் அன்பைக் காட்டு என்று கிரேகர்ஸ் அவளுக்குச் சொல்கிறான். அவள் துப்பாக்கியோடு பரணுக்குள் போகிறாள், வாத்து உயிரோடு இருக்கிறது, அவள் இல்லை.

என் பிரச்சினை இதுதான். ஹெட்விக் கவனிக்கப்படாத பிள்ளை என்று நான் சொன்னதும் குழுவில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா அவளைக் கொஞ்சுகிறார், அம்மா பக்கத்திலேயே இருக்கிறார், தாத்தாவுக்கும் அவள்மேல் உயிர், பிறகு என்ன கவனிப்பின்மை என்கிறார்கள். எனக்கு அந்த வீட்டிலேயே ஆகத் தனிமையான ஆள் அவள்தான் என்று படுகிறது, ஆனால் பிரதியில் இந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டத் தெரியவில்லை. இரண்டாவது, எங்கள் பிள்ளை முதல் வசனத்திலிருந்தே அழுகிற குரலில் வாசிக்கிறார், முடிவு தெரிந்திருப்பதால் அப்படி வருகிறது போல. அவருக்கு நான் என்ன சொல்வது?

பழைய_மேடை எழுதியது:

பாசம் இருக்கிறது என்று உங்கள் குழு சொல்வது சரிதான், அதை மறுக்கப் போகாதீர்கள், மறுத்தால் நாடகம் கெட்டுவிடும். யால்மார் அவளைக் கட்டிப்பிடிக்கும்போது உண்மையாகத்தான் கட்டிப்பிடிக்கிறார். அந்தப் பாசத்தில் அவள் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்று ஒவ்வொரு அங்கமாகப் பாருங்கள், நீங்கள் தேடுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. இப்சன் இதை வசனத்தில் விளக்க மாட்டார், ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் காட்டிவிடுவார்.

இரண்டாம் அங்கத்தை எடுங்கள். யால்மார் முதலாளி வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் தாயும் மகளும் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பட்டருக்கு எவ்வளவு போய்விட்டது என்று கவலைப்படுகிறார்கள், அப்பா இல்லாதபடியால் இன்றைக்குச் சூடாகச் சமைக்கத் தேவையில்லை, அது மிச்சம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறார்கள். அதாவது அப்பா வெளியே பெரிய விருந்து சாப்பிடுகிற இரவு பிள்ளைக்குச் சூடான சாப்பாடு இல்லை. ஆனால் அவளுக்கு அது குறையாகவே தெரியாது, ஏனென்றால் விருந்திலிருந்து ஏதாவது நல்லதாகக் கொண்டுவருவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறாள். அவர் வந்து கோட்டைக் கழற்றி, பெரிய மனிதர்களுக்கு நடுவில் தான் என்னென்ன சொன்னேன் என்று அளந்துகொண்டே போகிறார். கடைசியில் அவளே கேட்டுவிடுகிறாள். ஐயோ மறந்துவிட்டேன் என்கிறார். இல்லை, நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று அவள் நம்ப மறுக்கிறாள். பொறு, உனக்கு வேறொன்று வைத்திருக்கிறேன் என்று அவர் கோட்டில் கையை விடுகிறபோது அவள் கைதட்டித் துள்ளுகிறாள். வெளியே வருவது ஒரு காகிதம். விருந்தில் என்னென்ன பரிமாறினார்கள் என்று எழுதிய பட்டியல். இதை வாசி, ஒவ்வொன்றும் என்ன ருசி என்று நான் பிறகு சொல்கிறேன் என்கிறார்.

அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு நன்றி சொல்கிறாள். இங்கே கீனா என்ன செய்கிறார் என்று கவனித்தீர்களா? மகளுக்குச் சைகை காட்டுகிறார். முகத்தை மாற்று, அப்பா பார்க்கிறார் என்று. யால்மார் அதைக் கண்டுவிட்டு, ஒரு குடும்பத் தலைவன் எத்தனையை நினைவில் வைத்திருப்பது, ஒரு சின்ன விஷயத்தை மறந்தால் உடனே முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள் என்று மனத்தாங்கல் படுகிறார். கொஞ்ச நேரத்தில் ஹெட்விக் போய் அவருக்குப் புல்லாங்குழல் எடுத்து வரட்டுமா, பியர் கொண்டு வரட்டுமா என்று கேட்டு அவரைச் சமாதானப்படுத்துகிறாள். ஏமாந்தது பிள்ளை, ஆறுதல் கிடைத்தது தகப்பனுக்கு. உங்கள் குழுவில் ஒத்துக்கொள்ளாத பாதிப்பேரிடம் இந்த இரண்டு பக்கத்தை மட்டும் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாம் அங்கம் இன்னும் மோசம். யால்மார் போட்டோக்களுக்குத் தூரிகை வைத்துத் திருத்தம் செய்துகொண்டிருக்கிறார், மனம் முழுக்கப் பரணில். தா அப்பா, நான் செய்கிறேன் என்கிறாள். உன் கண்ணுக்குக் கெடுதி இல்லையே என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். சரி, ஆனால் நான் பொறுப்பில்லை, பொறுப்பு உன்னுடையது என்று சொல்லித் தூரிகையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பிள்ளையின் பார்வை போகப்போகிறது என்று தெரிந்த மனிதர், அதை முந்தின இரவு கிரேகர்ஸிடம் கண்ணீர் விட்டுச் சொன்னவர். இதற்கு மேல் எந்த இடத்தில் விரலை வைப்பது!

அழுகைக் குரலுக்கு என் யோசனை: நான்காம் அங்கத்தில் அப்பா அவளைத் தள்ளிவிடுகிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் கையில் எப்போதும் ஒரு வேலை இருக்கட்டும். கணக்குக் கொப்பி, தூரிகை, பியர்ப் போத்தல், தாத்தாவின் மேலங்கி, ஏதாவது. ஹெட்விக் வேலை செய்கிற பிள்ளை, சுறுசுறுப்பான பிள்ளை. கைக்கு வேலை கொடுத்தால் குரல் தானாகவே அழுகையை விட்டுவிடும், இது நான் பல நடிகர்களிடம் பார்த்தது.

ரீச்சர்_தெஹிவளை எழுதியது:

பழைய மேடை அண்ணா சொன்னதோடு இன்னும் சிலதைச் சேர்க்கிறேன். நான் பல வருடமாக ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறவள், ஹெட்விக்கின் வயதுதான்.

கிரேகர்ஸ் அவளிடம் பாடசாலை போவதில்லையா என்று கேட்கிறான். இல்லை, கண்ணுக்குக் கெடுதி என்று அப்பா நிறுத்திவிட்டார். அப்போ அப்பா சொல்லிக் கொடுக்கிறாரா? சொல்லித் தருவதாகச் சொன்னார், இன்னும் நேரம் கிடைக்கவில்லை. இந்தப் பதிலில் ஒரு துளி முறைப்பாடு கிடையாது, அப்பாவை விட்டுக்கொடுக்காமல் சொல்கிறாள். இப்படிப் பதில் சொல்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வராத பிள்ளை, அம்மாவுக்கு வேலை ரீச்சர், அப்பாவுக்கு வேலை ரீச்சர் என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும்.

அப்புறம் அந்தக் கூடை. படங்களைச் செதுக்கி அச்சிடுகிற வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை என்கிறாள், பரணில் கிடக்கிற பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அப்படியான படங்களைப் பார்த்திருக்கிறாள். அப்பா சொல்வதோ கூடை பின்னவும் வைக்கோல் பின்னவும் பழகச் சொல்லி. அது பெரிய வேலை என்று அவளுக்குப் படவில்லை. உடனேயே, ஆனால் அப்பா சொல்வதும் சரிதான், பழகியிருந்தால் வாத்துக்குப் புதுக் கூடையை நானே செய்திருப்பேன் என்று சேர்த்துக்கொள்கிறாள். கூடை பின்னுவது அந்தக் காலத்தில் பார்வையில்லாதவர்களுக்குப் பழக்கிக் கொடுத்த வேலை. பார்வை போகப்போகிறது, அதற்கு ஆயத்தப்படுத்துகிறார்கள், காரணம் மட்டும் சொல்லவில்லை. கண்ணால் செய்கிற வேலைக்கு ஆசைப்படுகிற பிள்ளையிடம் கையால் தடவிச் செய்கிற வேலையைக் கொடுக்கிறார்கள். அவளுடைய உடம்பைப் பற்றிய ஆகப் பெரிய செய்தி அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம் இதுதான்: அந்த வீட்டில் எல்லோரும் அவளைப் பற்றிக் கதைக்கிறார்கள், அவளோடு உட்கார்ந்து கதைக்க ஒருவருமில்லை. நீ என்ன நினைக்கிறாய், உனக்கு என்ன ஆசை, பரணைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று நாடகத்தில் அவளிடம் கேட்கிற முதல் ஆள் கிரேகர்ஸ். அவள் மனதுக்குள் பரண் முழுவதையும் கடலின் அடி ஆழம் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பதை, இதுவரை யாருக்கும் சொல்லாததை, அவனுக்குச் சொல்கிறாள். அவன் சிரிக்கவில்லை. அதனால்தான் அன்று மாலையே அவன் வாத்தைப் பலி கொடு என்று சொல்லும்போது அவளால் அதைத் தட்ட முடியவில்லை. காது கொடுக்கிற முதல் ஆள் யாரோ, அவர் கையில் பிள்ளை போய்விடும், அந்த ஆள் நல்லவரா கிறுக்கரா என்று பார்க்கிற நிலையில் பிள்ளை இருக்காது. எத்தனை பிள்ளைகளை இப்படி போனில் வந்த யாரோ ஒருவரிடம் பறிகொடுக்கப் பார்த்தோம் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கீழ்வீட்டில் குடியிருக்கிற டொக்டர் ரெல்லிங் ஒருவர்தான் இதைக் காண்கிறார். இந்த வயது பொல்லாத வயது, அவளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாய்க்கும் தகப்பனுக்கும் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஓமோம், இப்போது அடுப்பங்கரையில் நெருப்போடு விளையாடுகிறாள், வீடு எரிகிற விளையாட்டு என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருக்கிறாள் என்கிறார் கீனா. அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பிள்ளை வீடு எரிகிறது என்று காட்டிக்கொண்டிருக்கிறது, தாய்க்கு வீடு பற்றிக்கொள்ளுமோ என்ற பயம் மட்டும்தான் வருகிறது.

ஒத்திகை பற்றி ஒரு வேண்டுகோள். பதினாறு வயதுப் பிள்ளை இந்தப் பாத்திரத்தை வாரக்கணக்கில் மனதில் சுமக்கப் போகிறார். தாய் தகப்பனிடம் கதையை முழுதாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் அப்படியே பஸ் ஏற்றி விடாமல் பத்து நிமிடம் இருத்தி வேறு கதை கதையுங்கள். பார்க்க வருகிறவர்களில் பிள்ளைகள் இருந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929 என்பதை நிகழ்ச்சித் தாளில் போட்டுவிடுங்கள்.

நூலக_மூலை எழுதியது:

இரண்டு பேரும் எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

முதலில் கீனா. சைகை காட்டினார், நெருப்பைக் கவனிக்கவில்லை என்று அவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வாடிக்கையாளரைப் பார்ப்பது, போட்டோ எடுப்பது, கணக்கு எழுதுவது, சமைப்பது, அறையை வாடகைக்கு விடப் பார்ப்பது, மாமனாரைக் கவனிப்பது, புருஷனுடைய மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் ஒரே ஆள். ஹெட்விக் வருகிற முதல் காட்சியிலேயே அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு புத்தகம் வாசிக்கும்போது இனி வாசிக்காதே என்று தடுக்கிறவர் அவர்தான். பட்டினி போடாமல், ரோட்டில் விடாமல் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற பெண்ணுக்கு மகளோடு உட்கார்ந்து மனம் விட்டுக் கதைக்க நேரமில்லை என்றால் அந்தக் குற்றம் சோபாவில் படுத்திருப்பவருடையது.

இரண்டாவது, ஹெட்விக்கை வெறும் பாதிக்கப்பட்ட பிள்ளையாக மட்டும் பார்த்தால் இப்சன் எழுதியதில் பாதி போய்விடும். அவளுக்கு ஒரு பெரிய உலகம் இருக்கிறது. அந்த வீட்டில் முன்பு இருந்த ஒரு பழைய கப்பல் கப்டன் விட்டுப்போன அலமாரி, ஓடாத மணிக்கூடு, லண்டன் சரித்திரம் என்ற தடித்த புத்தகம், அதில் மணற்கடிகாரத்தோடு நிற்கிற மரணத்தின் படம். மொழி தெரியாத புத்தகத்தைப் படம் பார்த்தே வாசிக்கிறாள். வீட்டிலேயே ஆகக் கூர்மையான புத்தி அவளுடையதுதான். அப்பா போன இரவு அவள் என்ன சொல்கிறாள் என்று பாருங்கள்: ஒருவேளை நான் அப்பாவின் சொந்தப் பிள்ளை இல்லையோ, அம்மா என்னை எங்கேயாவது கண்டெடுத்திருப்பாரோ, அப்படியிருந்தாலும் அவர் என்மேல் பாசமாய் இருக்கலாம்தானே, காட்டு வாத்தும் யாரோ கொடுத்ததுதான், அதன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம். அந்த நாடகத்தில் தகப்பன், பிள்ளை, இரத்தம், வளர்ப்பு பற்றி ஒரு ஆள் தெளிவாகச் சிந்தித்துச் சரியான விடைக்கு வருகிறார் என்றால் அது இந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைதான். பெரியவர்கள் நான்கு பேர் ஐந்து அங்கம் அலைந்தும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த வசனத்தை உங்கள் பிள்ளை அழுதுகொண்டு சொன்னால் யாருக்கும் விளங்காது. யோசித்துக்கொண்டு சொல்ல வேண்டும், ஒரு கணக்கைச் செய்து விடை வந்த மாதிரி.

இன்னொரு விஷயம், இப்சனின் சொந்த வாழ்க்கை. தகப்பனின் வியாபாரம் நொடித்துப்போய் வசதியான வீட்டிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போன குடும்பம் அவருடையது, அந்தக் கப்டனின் பழைய புத்தகங்களும் இருட்டுப் பரணும் அங்கே இருந்தவை. தங்கைக்குப் பெயர் ஹெட்விக், வீட்டோடு உறவு அறுந்த பிறகும் அவர் தொடர்பு வைத்திருந்தது அந்தத் தங்கையோடு. பதினெட்டு வயதில், மருந்துக்கடை ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வேலை செய்த பெண்ணுக்கு இவரால் ஒரு ஆண்பிள்ளை பிறந்து, பல வருடம் பராமரிப்புப் பணம் கட்டினார். வேலைக்காரப் பெண், தகப்பன் யார் என்ற கேள்வி, மாதாமாதம் பணம் என்று இந்த நாடகத்தில் வருவதெல்லாம் எழுதியவருக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. யால்மாரையும் முதலாளியையும் எழுதும்போது அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கடற்கரை_வீதி எழுதியது:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. பட்டியல் காட்சியை நேற்று குழுவில் வாசித்தோம், கீனா சைகை காட்டுகிற குறிப்பை நான் சத்தமாகச் சொன்னதும் எதிர்த்துக் கதைத்த அக்கா ஒருவர், சரி இனி நான் வாய் திறக்கவில்லை என்றார். எங்கள் பிள்ளையும் கணக்குக் கொப்பியோடு வாசித்துப் பார்த்தார், குரல் வேறு மாதிரி வந்தது.

இன்னும் ஒன்று மிஞ்சி இருக்கிறது. கடைசி வெடிச் சத்தம். அவள் பரணுக்குள் இருந்து அப்பா பேசுவதைக் கேட்டுத்தான் செய்தாளா, அல்லது போகும்போதே முடிவோடு போனாளா? நடிக்கிற பிள்ளை என்னிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஒளி_ஒலி எழுதியது:

நான் மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவன், கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலும் பாடசாலை மண்டபங்களிலும் நிறைய நாடகங்களுக்கு ஒளியும் ஒலியும் பார்த்திருக்கிறேன், அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

ஐந்தாம் அங்கத்தின் வரிசையைப் பாருங்கள். காலையில் அவள் கிரேகர்ஸிடம், நேற்று இரவு நீங்கள் சொன்னபோது அழகாக இருந்தது, நித்திரை கொண்டு எழும்பி யோசித்தால் அப்படித் தெரியவில்லை என்கிறாள். ஆகவே அவள் வெளியே வந்துவிட்டாள், விட்டிருந்தால் தப்பியிருப்பாள். பிறகு அப்பா வீட்டுக்கு வருகிறார், அவள் சந்தோஷத்தில் ஓடி வருகிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்த வீட்டில் நான் இருக்கப்போகிற கடைசி நேரத்திலாவது அந்நியர் இல்லாமல் இருக்க விடுங்கள் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறார். என்னைக் கேட்டால் நாடகம் அங்கேயே முடிந்துவிட்டது. அவள் அசையாமல் நிற்கிறாள், காட்டு வாத்து என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள், அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பரணுக்குள் போய்விடுகிறாள். ஒரு குண்டு இன்னும் இருக்கிறது, தொடாதே என்று முதல் நாள் அவளுக்குச் சொன்னவர் அப்பாதான், சொல்லிவிட்டு அவளுக்கு எட்டுகிற தட்டிலேயே வைத்தவரும் அவர்தான்.

அவள் போனபின் மேடையில் நடப்பது என்ன? யால்மார் கோப்பி குடிக்கிறார், பாண் சாப்பிடுகிறார், பட்டர் இல்லையா என்று கேட்கிறார், தாத்தாவுக்கும் பிறகு ஹெட்விக்குக்கும் மாதாமாதம் பணம் தருவதாக முதலாளி எழுதி, முந்தின இரவு இவர் இரண்டாகக் கிழித்த கடிதத்தைப் பசை வைத்து ஒட்டுகிறார். பார்வையாளருக்குத் தெரியும் பிள்ளை அந்தக் கதவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கிறாள் என்று, மேடையில் இருக்கிற யாருக்கும் தெரியாது, யாரும் பிள்ளை எங்கே என்று கேட்பதும் இல்லை. கவனிக்கப்படாத பிள்ளை என்பதற்கு உங்களுக்கு விரல் வைக்க இடம் வேண்டுமென்றால் இந்தச் சாப்பாட்டு நேரம்தான் அந்த இடம். தயவுசெய்து இதை அவசரப்படுத்தாதீர்கள். யால்மாராக வருபவர் உண்மையான பாணை உண்மையாகச் சாப்பிட்டு முடிக்கட்டும், கத்தி தட்டில் படுகிற சத்தம் சபைக்குக் கேட்கட்டும்.

கடைசியில் யால்மார் கிரேகர்ஸிடம், எனக்காக உயிரைக் கொடுப்பாயா என்று நான் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று உனக்குத் தெரியும் என்று ஏளனமாகச் சொல்லி முடிக்கிறார், வெடி கேட்கிறது. இப்சன் இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார். அவள் கேட்டாளா என்பதைப் பிரதி தீர்த்துச் சொல்லவில்லை, கதவு மூடியிருக்கிறது. நான் ஒலி போட்டால் வசனம் முடிந்து ஒரு மூச்சு விடுகிற நேரம் கொடுப்பேன். வசனத்தின் மேலேயே வெடியைப் போட்டால் தந்திரம் மாதிரி இருக்கும், நிறைய நேரம் விட்டால் தொடர்பே அறுந்துவிடும்.

ரீச்சர்_தெஹிவளை எழுதியது:

நடிக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது: கேட்டாளா இல்லையா என்பதை நீ முடிவு செய்ய வேண்டியதில்லை மகள், உன்னுடைய வேலை அந்தக் கதவு மட்டும்தான், அதுவரைக்கும் அவள் சாகப் போகிறவள் இல்லை, அப்பாவைத் திரும்பப் பெறப் போகிறவள். இந்தக் கேள்விக்கு விடை தேடித்தேடி அந்தச் சின்ன மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பெரியவர்கள்தான் அதை யோசிக்க வேண்டும். விபத்து என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று ரெல்லிங் கிரேகர்ஸிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அதோடு, ஒரு வருடம் போவதற்குள் ஹெட்விக் யால்மாருக்கு அழகாகப் பேசுவதற்கு ஒரு விஷயமாக ஆகிவிடுவாள் என்கிறார். அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. செத்த பிறகும் அந்தப் பிள்ளையை யாரும் அவளாகப் பார்க்கப் போவதில்லை என்கிறார்.

பழைய_மேடை எழுதியது:

கீனா விஷயத்தில் நூலக மூலை சொன்னது நியாயம். முடிவில் பிள்ளையை அவளுடைய சின்ன அறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது புருஷனைப் பார்த்து, இனி அவள் நம் இருவருக்கும் பொதுதானே என்கிற மாதிரி சொல்கிறவர் கீனா. எவ்வளவு தாமதமாக வருகிற வசனம். கீனாவாக வருபவர் அதைக் குற்றம் சாட்டுகிற தொனியில் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேடையில் இந்த மாதிரிப் பிள்ளைகள் குறைவு. அவைக்காற்றுக் கலைக் கழகம் என்ற நாடகக் குழு செய்த, டென்னசி வில்லியம்ஸின் நாடகமான 'கண்ணாடி வார்ப்புக'ளில் வருகிற லோரா நினைவுக்கு வருகிறாள், ஆனால் அவளுக்கு ஒரு தாய் எப்போதும் மேலே விழுந்து கவனித்துக்கொண்டே இருப்பாள், அது வேறு விதமான நெருக்கடி, அவள் வயதிலும் மூத்தவள். ஹெட்விக் மாதிரி, எல்லோரும் கொஞ்சிக்கொண்டே கைவிட்ட ஒரு பிள்ளையைத் தமிழில் மேடையில் பார்க்க எனக்கு ஆசை. நம் வீடுகளிலும் பெரியவர்களின் சண்டைக்கு நடுவில் சாட்சியாகவும் தூதாகவும் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர், அப்பாவிடம் இதைச் சொல், அம்மாவிடம் அதைக் கேள் என்று.

சின்ன இடம் என்றால் பரணுக்குத் தனி மேடை அமைப்பு வேண்டாம். பின்னால் ஒரு கதவும் உள்ளே மங்கலான ஒரு விளக்கும் போதும், கதவு திறக்கிறபோதெல்லாம் அந்த வெளிச்சம் தெரிந்தால் சபை மிச்சத்தைத் தானே கட்டிக்கொள்ளும்.

கடற்கரை_வீதி எழுதியது:

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். பாணை உண்மையாகவே சாப்பிட வேண்டும் என்று யால்மாருக்குச் சொல்லிவிட்டேன், பட்டரும் வாங்குகிறோம். பிள்ளையின் அம்மாவோடு நாளைக்கே கதைக்கிறேன், அவரையும் ஒத்திகைக்கு வரச் சொல்லப் போகிறேன். கதவுக்குப் பின்னால் பிள்ளை தனியாக அவ்வளவு நேரம் நிற்க வேண்டி இருப்பதால் அங்கே அவரோடு என் தங்கை நிற்பாள். வெடிச் சத்தத்துக்குப் பதிவு செய்த ஒலி வேண்டாம், வீட்டு மாடியில் அது செயற்கையாகக் கேட்கும் என்று நினைக்கிறேன். ஒளி ஒலி அண்ணா, பலகையைத் தரையில் அடிப்பது சரிவருமா, அல்லது வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

ஒளி_ஒலி எழுதியது:

சரிவரும். கனமான பலகை இரண்டை ஒரு பக்கம் பிணைச்சல் போட்டு இணைத்து, விரித்துப் பிடித்து ஒரே அடியாக மூடுங்கள், மூடிய அறைக்குள் செய்தால் சத்தம் நன்றாக இருக்கும். மாடி என்றால் கீழ்வீட்டாருக்கு முதலே சொல்லிவிடுங்கள், ஒத்திகை நாட்களிலும்.